எழுத்துக்கு விலையா, ஒளிக்கு விலையா? (வைரம் வாங்குவோருக்கான கேள்வி – பதில்)

கேள்வி: வைரத்தின் நிறத்தரம் ‘டி’ என்னும் எழுத்தில்தான் தொடங்குகிறதாம். ‘ஏ’, ‘பி’, ‘சி’ மூன்றையும் யார் தூக்கிக்கொண்டு போனார்கள்?

பதில்: வணிகர்களே அவற்றைப் புழங்கித் தேய்த்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒவ்வொரு வணிகரும் தம் கல்லை ‘ஏ’ என்றும், அடுத்த கடைக்காரர் ‘இரட்டை ஏ’ என்றும், அவருக்கும் அடுத்தவர் ‘மூன்று ஏ’ என்றும் சொல்லி விற்றதால், அந்த எழுத்துகளுக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. 1931இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மணியியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ., 1950களில் ரிச்சர்ட் லிடிகோட் என்பவரின் தலைமையில் புதிய அளவுகோல் ஒன்றை வகுத்தபோது, பழைய குழப்பத்தின் நிழல் விழாதபடி ‘டி’யில் தொடங்கி ‘இசட்’ வரை 23 படிகளை அமைத்தது. டி, ஈ, எஃப் ஆகிய மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரையிலானவை ஏறக்குறைய நிறமற்றவை. கே தொடங்கி மஞ்சள் சாயல் மெல்ல வெளிப்படத் தொடங்கும். வைரம் கரிமத்தால் ஆனது. மண்ணின் ஆழத்தில் அது விளைந்த காலத்தில் கரிம அணுக்களின் இடத்தில் நைட்ரஜன் அணுக்கள் புகுந்திருந்தால், அவை நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான் கல் மஞ்சளாகத் தோன்றுகிறது.

இந்தத் தரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கல்லை நகையில் பதிக்கும் முன்பே, வெள்ளைத் தட்டில் முகம் கீழாகக் கவிழ்த்து வைத்து, குறிப்பிட்ட விளக்கொளியில், நிறம் முன்பே உறுதிசெய்யப்பட்ட மாதிரிக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒப்பிடுகிறார்கள். ‘டி’க்கும் ‘எஃப்’புக்கும் உள்ள வேறுபாடு பயிற்சி பெற்ற கண்ணுக்கு இந்த ஏற்பாட்டில்தான் பிடிபடும். காதில் அணிந்த கல்லோ முகம் நிமிர்ந்து ஒளி வீசிக்கொண்டிருக்கும்.

கேள்வி: அளவான பணத்தில் ஏழுகல் தோடு வாங்க நினைப்பவர் எந்த எழுத்தோடு நிறுத்திக்கொள்வது?

பதில்: மஞ்சள் தங்கத்தில் கட்டும் தோடாக இருந்தால் ஜி அல்லது ஹெச்சோடு நிறுத்திக்கொள்வதே சரியான முடிவு. தங்கத்தின் மஞ்சள் கல்லின் உள்ளே பிரதிபலிக்கும். ‘டி’ நிறக் கல்லுக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் அந்தப் பிரதிபலிப்பில் கரைந்துவிடும். ஏழுகல் தோட்டின் கற்கள் சிறியவை என்பதும் நினைவிலிருக்க வேண்டும். கல் சிறுக்கச் சிறுக்க ஒளி அதனுள் கடக்கும் தூரமும் குறைவதால், நிறமும் குறைவாகவே கண்ணுக்குப் படும். பின்புறம் மூடிக் கட்டும் பழைய பாணித் தோட்டில் ‘ஐ’ நிறக் கல்கூடக் குறையாகத் தெரியாது. வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ ஒற்றைப் பெரிய கல் வைத்து மோதிரம் செய்பவர் மட்டும் எஃப் அல்லது ஜி வரை மேலேறுவதில் நியாயம் உண்டு. சுற்றிலும் வெண்மை இருக்கும் இடத்தில் மஞ்சள் சாயல் எளிதில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் தோட்டில் எழுத்தைவிட முதன்மையானது ஒன்று உண்டு, அது பொருத்தம். இரண்டு காதுக்குமாகப் பதினான்கு கற்கள். நடுவில் ஒன்று ‘டி’யாகவும் சுற்றியுள்ள ஆறும் ‘ஹெச்’சாகவும் அமைந்தால், நடுக்கல் உயர்ந்து தோன்றுவதற்குப் பதிலாக, மற்ற ஆறும் மங்கித் தோன்றும். தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத கல், பக்கத்துக் கல்லால் குறைபட்டுப் போகிறது. ஆகவே பதினான்கு கற்களும் ஒரே நிறத்தில், ஒரே குறுக்களவில் பொறுக்கிச் சேர்க்கப்பட்டனவா என்று பார்ப்பதற்காக, கட்டுவதற்கு முன்பே அவற்றை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வரிசையாக வைத்துக் காட்டச் சொல்வது வாங்குபவரின் உரிமை.

கேள்வி: நிறம், தெளிவு, எடை மூன்றும் இயற்கை தந்தவை, பட்டை ஒன்றுதான் மனிதன் தீட்டியது. மனிதக் கைவேலைக்கா அதிகப் பணம் தர வேண்டும்?

பதில்: ஆம், அதற்குத்தான் முதல் பணம் தர வேண்டும். வைரம் தானாக ஒளிர்வதில்லை. வாங்கிய ஒளியைத் திருப்பித் தருகிறது. ஒளியை வளைக்கும் திறனைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் வைரத்துக்கு ஏறத்தாழ 2.42. இவ்வளவு உயர்ந்த எண் இருப்பதால், உள்ளே புகுந்த ஒளி அடிப்பக்கப் பட்டைகளில் சரியான கோணத்தில் பட்டால் வெளியேற வழியின்றி இருமுறை மோதித் திரும்பி, மேல்முகம் வழியாகவே வந்துவிடும். கோணம் தவறினால் அடியிலேயே ஒழுகிப்போகும். வைரத்தொழில் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் இந்தக் கணக்கைப் போட்டு, 57 பட்டைகள் கொண்ட வட்டக் கல்லின் மேற்பகுதிக் கோணம் 34.5 பாகையும் அடிப்பகுதிக் கோணம் 40.75 பாகையும் இருந்தால் மின்னலும் வண்ணச் சிதறலும் சமன்பட்டு நிற்கும் என்று காட்டினார். இன்று மிக நல்ல பட்டை என்று மதிக்கப்படும் கற்களும் இந்த அளவுகளை ஒட்டியே அமைகின்றன. அடிப்பகுதி ஆழம் குறைந்தால் கல்லின் விளிம்பை ஒட்டி மீன்கண் போல மங்கலான வளையம் தெரியும். ஆழம் மிகுந்தால் நடுவில் இருள் கட்டும். ‘நீரோட்டம் நன்றாக இருக்கிறது’ என்று மூத்தவர்கள் மெச்சுகிற குணத்தில் பெரும்பங்கு இந்தக் கோணங்களுடையது.

அப்படியிருந்தும் ஆழம் மிகுந்த கற்கள் சந்தைக்கு வருவதற்குக் காரணம், வைரம் எடைக்கு விற்கப்படுவதுதான். கரட்டுக் கல்லை நேர்த்தியாகத் தீட்டினால் எடை அதிகம் கழியும். அடிப்பகுதியைத் தடிமனாக விட்டுவிட்டால் எடை மிஞ்சும். நல்ல பட்டையுள்ள ஒரு காரட் வட்டக் கல்லின் குறுக்களவு 6.4 முதல் 6.5 மில்லிமீட்டர்வரை இருக்கும். அதே ஒரு காரட் 6.2 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தால், வாங்குபவர் கண்ணுக்கு 90 சென்ட் கல்லைக் கண்டு, காசுக்கு ஒரு காரட்டைக் கொடுக்கிறார் என்று பொருள். சான்றிதழில் குறுக்களவும் ஆழமும் அச்சிடப்பட்டிருக்கும். மொத்த ஆழம் குறுக்களவில் 59 முதல் 62.5 விழுக்காடுவரை அமைந்த வட்டக் கல்லைத் தேடுவது நல்ல தொடக்கம். ஜி.ஐ.ஏ. 2006 முதல் வட்டக் கற்களுக்குப் பட்டைத் தரத்தையும் தனியாக எழுதித் தருகிறது. அதில் மிக உயர்ந்த ‘எக்ஸலன்ட்’ தரத்தை விட்டுக்கொடுத்து நிறத்தில் இரண்டு படி ஏறுவது நஷ்டமான பேரம்.

கேள்வி: ஒரு காரட்டுக்கு ஐந்து சென்ட் குறைந்தால் குடும்பக் கௌரவம் குறையுமா?

பதில்: விலைதான் குறையும். காரட் என்பது 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். அரை காரட், ஒரு காரட் போன்ற முழு எண்களைத் தொட்டவுடன் ஒரு காரட்டுக்கான விலையே மேலே தாவுவது இத்தொழிலின் வழக்கம் என்பதால், 95 சென்ட் கல் தாவலுக்கு முந்தைய படியில் நிற்கும். இரண்டுக்கும் குறுக்களவு வேறுபாடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்.

கேள்வி: சுத்தமான கல்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். எவ்வளவு சுத்தம் போதும்?

பதில்: இந்தப் பிடிவாதத்துக்கு நீண்ட மரபு உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் மணிக்கடைத் தெருவை விவரிக்கும் இடத்தில், நல்ல வைரத்தில் இருக்கக் கூடாத நான்கு குற்றங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. காக்கைக் காலடி போன்ற கீறலும், கறையும், புள்ளியும், கோடும் கொண்ட கற்களை அன்றைய வணிகர் பிரித்தறிந்திருந்தனர் என்பது அதனால் தெரிகிறது. இன்றைய சான்றிதழில் கல்லின் படத்தை வரைந்து குறிக்கப்படும் உட்கீறல், மேகத்திட்டு, துகள் ஆகியவற்றையும் பெரிதும் அவற்றோடு ஒப்பிடலாம்.

தெளிவுத்தரம் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் பார்த்து, குறையற்றதில் தொடங்கிப் பதினொரு படிகளாக வகுக்கப்படுகிறது. வி.வி.எஸ். கல்லில் உள்ள குறையை லூப் வழியாகப் பார்த்தாலும் தேர்ந்தவர்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வி.எஸ்.2 கல் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் சுத்தமாகவே தெரியும். பொறுக்கி எடுத்தால் எஸ்.ஐ.1 தரத்திலும் அப்படிப்பட்டவை கிடைக்கும். பொறுக்குவது என்பது குறை இருக்கும் இடத்தைப் பார்ப்பது: மேல்தளத்தின் நடுவே கறுப்புத் துகள் இருக்கும் கல்லைத் தள்ளிவிட வேண்டும், ஓரத்தில், நகையின் கொக்கி மறைக்கும் இடத்தில் வெண்புள்ளி இருக்கும் கல்லை ஏற்கலாம், விளிம்பைத் தொடும் கீறல் உள்ள கல், கொக்கியை அழுத்தும்போது உடையக்கூடும் என்பதால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: ‘ப்ளூ ஜாகர்’ என்று சொன்னதும் பாட்டிகளின் கண்ணும் சேர்ந்து மின்னுகிறதே, அது என்ன?

பதில்: தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்த, நீலம் கலந்த வெண்மையுள்ள கற்களுக்கு இடப்பட்ட பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. எனவே இன்று அந்தப் பெயரில் விற்கப்படும் புதுக்கல் அங்கிருந்து வெட்டி எடுக்கப்பட்டதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீலச் சாயல் என்பது பெரும்பாலும் ஒளிர்வு என்னும் குணம்: வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பட்டதும் கல் நீல ஒளியை உமிழ்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரையான வைரங்களில் இந்தக் குணம் ஏதோ ஓர் அளவில் காணப்படுகிறது. மஞ்சள் சாயலைத் தரும் நைட்ரஜன் அமைப்புகளுள் ஒன்றே இந்த நீல ஒளிர்வையும் தருவதால், ‘ஐ’ அல்லது ‘ஜே’ நிறக் கல் மிதமான ஒளிர்வோடு இருந்தால் வெயிலில் தன் எழுத்தைவிட வெண்மையாகத் தோன்றும். கையிருப்பு குறைவாக உள்ளவருக்கு இது நல்ல வழி. மிக வலுவான ஒளிர்வுள்ள கற்களில் சில மட்டும் வெயிலில் எண்ணெய் பூசியதுபோல் மங்கும். அவற்றைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: பெற்ற பிள்ளையும் பிள்ளை, தத்தெடுத்த பிள்ளையும் பிள்ளை. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தானே?

பதில்: பொருளால் வைரமேதான். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் முறையில் சோதித்தால், மண்ணில் விளைந்ததும் ஆய்வகத்தில் வளர்ந்ததும் 1332 என்ற ஒரே அலையெண் கோட்டைத்தான் காட்டும்; இரண்டையும் பிரித்தறிய வளர்ச்சித் தடங்களை ஆராயும் தனிக் கருவிகள் தேவை. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வக வைரத்துக்கான ஆராய்ச்சி மையம் அமைக்க 2023ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கைக்குப் பின் நிதி ஒதுக்கப்பட்டது. வேறுபாடு பணத்தில் இருக்கிறது: உற்பத்தி பெருகப் பெருக இவற்றின் விலை கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் சரிந்துவிட்டது. அணிந்து மகிழ்வதற்காக வாங்குபவருக்கு, பெரிய, நிறமற்ற கல்லைக் குறைந்த பணத்தில் தருவதால் அது மிக நல்ல தேர்வு. அவசரத்துக்கு விற்கலாம் என்று எண்ணுபவருக்கு அது ஏற்றதன்று. ‘அமெரிக்கன் டயமண்ட்’ எனப்படும் க்யூபிக் ஸிர்கோனியா வேறு பொருள். அதைப் பட்டை தீட்டுவதில் திருச்சி வட்டாரம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது, ஆனால் அது வைரமன்று.

கேள்வி: கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்ப்பது வழக்கம். அந்த மூன்று நாளில் வேறு என்ன பார்க்கலாம்?

பதில்: கடைக்காரர் இசைந்து கொடுத்தால் அந்த மூன்று நாளும் வரம். கடைகளின் குவிவிளக்குகள் எல்லாக் கல்லையும் மின்ன வைக்கும்; மர நிழலிலும், வடக்குப் பக்கச் சன்னலோரத்திலும், சமையலறை டியூப்லைட்டிலும் பார்த்தால்தான் பட்டையின் நேர்மை தெரியும். வாயால் ஊதி ஆவி மறைவதைப் பார்ப்பதும் கண்ணாடியைக் கீறிப் பார்ப்பதும் போதிய சோதனைகள் அல்ல. கடையில் வெப்பத்தைக் கடத்தும் திறனை அளக்கும் பேனா வடிவக் கருவியைக்கூட மோய்சனைட் என்னும் செயற்கைக் கல் ஏமாற்றிவிடும்.

கேள்வி: எல்லாம் பார்த்தாயிற்று. பில் போடும்போது எதைக் கவனிப்பது?

பதில்: ஹால்மார்க்கும் அதோடு வரும் ஆறிலக்க அடையாள எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சாட்சி, கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஆகவே கல்லுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அரை காரட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கல்லானால், விளிம்பில் லேசரால் பொறித்த எண் சான்றிதழ் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று லூப் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அடுத்தது எடை. ஐந்து காரட் ஒரு கிராம். தோட்டில் மொத்தம் 1 காரட் 50 சென்ட் வைரம் இருந்தால் அதன் எடை 0.3 கிராம், தோடு 8.3 கிராம் நிறுத்தால் பில்லில் தங்கம் 8 கிராம் என்றே இருக்க வேண்டும். 8.3 என்று எழுதியிருந்தால், வைரத்துக்கு வைர விலையும் கொடுத்து, அதே எடைக்குத் தங்க விலையும் செய்கூலியும் கொடுப்பதாக ஆகும். தங்கத்தின் எடை, கற்களின் எண்ணிக்கை, காரட் எடை, நிறம், தெளிவு, இயற்கைக் கல்லா ஆய்வகக் கல்லா என்பது, திருப்பி எடுத்தால் எத்தனை விழுக்காடு கழிப்பார்கள் என்பது ஆகிய அனைத்தையும் பில்லில் எழுதித் தர மறுக்கும் கடையில், கல் எவ்வளவு மின்னினாலும், வாங்காமல் எழுந்து வந்துவிட வேண்டும்.