வழியில்தான் இருக்கிறது

குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் போகிறவர் வழியில் இறங்கி டிஸ்க் கோல்ஃப் ஆடலாமா, ஆடினால் அதைக் குடும்ப அமைதிக்குக் குந்தகமின்றி எவ்வாறு ஆடுவது என்னும் வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடை மூன்று கூறுகளைக் கொண்டது. அவை உரிய இடத்தில் விளக்கப்படும். கட்டுரையாசிரியருக்கு இப்பொருளில் திடீரென இத்தனை ஈடுபாடு ஏன் என்று கேட்கப்படக்கூடும் என்பதால், சென்ற செவ்வாய்க்கிழமை காலை டென்வர் நகரில் அவருடைய கைப்பேசிக்கு வந்த ஒரு குறுஞ்செய்தியே காரணம் என்பதையும், அதை நினைத்தால் இன்றும் அவர் பல்லைக் கடிக்கிறார் என்பதையும் மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்லலாம்.

டிஸ்க் கோல்ஃப் என்பது கோல்ஃப் ஆட்டத்திலிருந்து மட்டையையும் பந்தையும் பணக்காரர்களையும் நீக்கிவிட்டு, மிஞ்சிய புல்வெளியில் ஃபிரிஸ்பீ வகையைச் சேர்ந்த பிளாஸ்டிக் தட்டை எறிந்து ஆடுவதாகும். இரும்புக் கம்பத்தின் தலையைச் சுற்றிச் சங்கிலிகள் தொங்க, அவற்றின் அடியில் கம்பிக்கூடை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். எறிந்த தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தால் அந்தக் குழி முடிந்தது என்று பொருள். குழி என்று அங்கே எதுவும் தோண்டப்பட்டிருப்பதில்லை என்றாலும் கோல்ஃபிலிருந்து வந்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. பெரும்பாலான களங்களில் இத்தகைய குழிகள் 9 அல்லது 18 இருக்கும்.

இவ்வாட்டத்தின் கலைச்சொற்களைத் தமிழ்க் குடும்பத்தில் புழங்குவோர்க்கு எச்சரிக்கை தேவை. டீ என்பது தேநீர் அன்று. முதல் எறிதலுக்காகப் போடப்பட்டிருக்கும் சிமென்ட் மேடை. பட்டர் என்பது வெண்ணெயும் அன்று, பெருமாள் கோயில் பட்டரும் அல்லர். கூடையை நெருங்கியபின் எறிவதற்குரிய தட்டு. டிரைவர் என்பது தொலைவுக்கு எறிவதற்குரிய, விளிம்பு கூர்மையான தட்டு. எனினும் கட்டுரையாசிரியரின் குடும்பத்தில் அந்த டிரைவரும் கார் ஓட்டும் டிரைவரும் ஒரே சமயத்தில் காணாமற்போவதால் இரண்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டிய தேவை எழுந்ததில்லை. பார் என்பது ஒரு குழியை இத்தனை எறிதலில் முடிக்கலாம் என்று வகுத்து வைத்திருக்கும் எண். இப்பொருள் அறியாத மாமியார், “இன்னைக்குப் பார்ல ஒன்பது அதிகமாயிடுச்சு” என்று மருமகன் நண்பர் ஒருவரிடம் கைப்பேசியில் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பின்னிருக்கையிலிருந்து கேட்டுவிட்டு, அடுத்த 40 மைல் தூரம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்.

இவ்வாட்டத்தின் தந்தை என்று எட் ஹெட்ரிக்கைச் சொல்வார்கள். வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றியபோது ஃபிரிஸ்பீயின் மேற்புறத்தில் வளையம் வளையமாக மேடுகளை அமைத்து, அதன் தள்ளாட்டத்தைக் குறைத்து, 1967-இல் காப்புரிமை பெற்ற அவர், 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான களத்தை அமைத்தார். அங்கே முதலில் வெறும் கம்பங்களே இலக்காக இருந்தன. சங்கிலியும் கூடையும் பின்னர் அவர் கண்டுபிடித்தவை. 2002-இல் அவர் இறந்தபின், அவர் விரும்பியபடியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். அப்படிப்பட்ட தட்டு ஒன்று ஆற்றில் விழுந்துவிட்டால் அது தொலைந்ததாகுமா, கரைக்கப்பட்டதாகுமா என்பதைச் சாத்திரம் அறிந்தவர்களே சொல்ல வேண்டும்.

உலகில் இன்று 15,000-க்கும் மேற்பட்ட களங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி அமெரிக்காவில், அதிலும் மிகப் பல, ஊர்ப் பூங்காக்களில் கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன. இதற்கான செயலியைத் திறந்தால் எந்த நெடுஞ்சாலையின் இருமருங்கும் அம்மை போட்ட முகம்போல் புள்ளிகளாகத் தெரியும். சிகாகோவிலிருந்து டென்வருக்கு 80-ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 1,000 மைல் போகிறவர் இத்தனை புள்ளிகளையும் பார்த்துக்கொண்டு காரை நேராக ஓட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. “வழியில்தான் இருக்கிறது” என்னும் தொடர் இங்கேதான் பிறக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரிவதையே மனைவி வழியில் இருப்பதாகக் கொள்கிறார். அதே மாநிலத்தில் இருந்தால் போதும் என்று கணவர் கொள்கிறார். இத்தொடருக்குத் துணையாக வருவது “பத்தே நிமிடம்” என்பது. நன்னூலார் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொன்னார். பத்தே என்பதிலுள்ள ஏகாரம் அந்த ஆறில் எதிலும் அடங்காத ஏழாவது, கெஞ்சல் ஏகாரம். வாசகர்கள் இதைத் தட்டுக்காக இல்லாவிட்டாலும், கோயிலுக்காகவோ புடவைக்கடைக்காகவோ பழைய வகுப்புத் தோழர் வீட்டுக்காகவோ பயன்படுத்தியவர்களே ஆதலின் மேலும் விளக்கம் வேண்டுவதில்லை.

இனி மூன்று கூறுகளுள் முதலாவதைத் தொடங்கலாம். ஆனால் அதற்கு முன் தேடுதலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இவ்வாட்டத்தில் எறிதல் சிறுபகுதி, தேடுதலே பெரும்பகுதி.

எறிந்த தட்டைத் தேடுவதற்கு ஆட்ட விதி தரும் நேரம் மூன்று நிமிடம். அதற்குள் கிடைக்காத தட்டு தொலைந்ததாகக் கொள்ளப்படும். தண்டனையாக ஓர் எறிதலைக் கணக்கில் கூட்டிக்கொண்டு ஆட்டக்காரர் மேலே செல்ல வேண்டும். இவ்விதியை வகுத்தவர்கள் தட்டைக் கைக்காசு கொடுத்து வாங்கியவர்களாக இருக்க முடியாது. கட்டுரையாசிரியர் தொலைத்த தட்டின் விலை 18 டாலர். அதன் நிறம் பச்சை. பச்சைத் தட்டைப் புல்லில் எறிந்து விளையாடக்கூடாது என்று கடையிலேயே ஒன்பது வயது மகன் சொன்னான் என்பதும், “உனக்கு ஒன்றும் தெரியாது” என்று அவனுக்குப் பதில் சொல்லப்பட்டது என்பதும் இங்கே பதிவு செய்யப்பட வேண்டியவை. அத்தட்டின் மேல் வேகம், மிதப்பு, திரும்பல், இறுதிச் சாய்வு ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு எண்கள் அச்சிட்டிருந்தன. ஜாதகக் கட்டத்தைப் போலவே, நடந்து முடிந்தபின் பார்த்தால் எல்லாம் அதிலேயே எழுதியிருந்தது தெரியும்.

இடம், அயோவா மாநிலத்தில் டெமாய்ன் நகருக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பூங்கா, ஏழாம் குழி. டீ மேடைக்கு அருகே நின்ற பலகையில் குழியின் வரைபடம் உள்ளங்கை அளவிலும், அதற்குப் பணம் தந்த பல் மருத்துவரின் விளம்பரம் ஓர் ஆள் மார்பளவிலும் இருந்தன. அடுத்த டீ எங்கே இருக்கிறது என்பதை அப்பலகை சொல்லவில்லை. எந்தப் பலகையும் சொல்வதில்லை. உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியுமே என்பது பூங்காக்காரர்களின் எண்ணம் போலும். புல்வெளியின் வலப்பக்கம் முழுவதும் மக்காச்சோளம். ஜூலைக் கடைசியில் அயோவாவின் சோளம் ஆளை மறைக்கும். தட்டு சிறிது நேரம் நேராகப் போய், வலப்பக்கம் சாய்ந்து, திரும்பி வரப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, சோளத்துக்குள் புகுந்தது.

தேடுதலின் முதல் கட்டத்தில் தேடுபவர் நடப்பது வேகமான, சந்தேகமற்ற நடை. தட்டு விழுந்த இடத்தை அவர் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒடிந்த தாள் ஒன்றுக்கு அருகில்தான் விழுந்தது. உள்ளே போனபின்தான் சோளக்கொல்லையில் எல்லா வரிசையிலும் ஒரு தாள் ஒடிந்திருக்கிறது என்பது தெரிகிறது. வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளி இரண்டரை அடி. குனிந்து போனால் தாளின் ஓரம் முழங்கையைக் கீறும், நிமிர்ந்து போனால் உச்சிப் பூவிலிருந்து மஞ்சள் தூள் கழுத்தில் கொட்டி வியர்வையோடு சேர்ந்து அரிக்கும். இரண்டாம் கட்டத்தில் சாட்சிகள் விசாரிக்கப்படுகிறார்கள். இன்னும் இடப்பக்கம் என்றார் மனைவி, தலையை நிமிர்த்தாமல். மகள் தான் பார்க்கவேயில்லை என்று உண்மையைச் சொன்னாள். மகன் பார்த்திருந்தான்; அவன் காட்டிய இடங்கள் மூன்று. காரில் அமர்ந்திருந்த மாமியார் கண்ணாடியை இறக்கி, “மாப்பிள்ளை என்னடி தேடுறாரு? தட்டா? சாப்பிடுற தட்டையா தூக்கி எறிஞ்சாரு?” என்று தம் மகளிடம் கேட்டதற்கு நெடுநேரம் எவரும் விடை சொல்லவில்லை.

மூன்றாம் கட்டமே அறிவியல் சார்ந்தது. அதாவது, தேடுபவர் மீண்டும் டீ மேடைக்குப் போய், அதே நிலையில் நின்று, அதே தவற்றோடு இன்னொரு தட்டை எறிந்து, அது எங்கே போகிறது என்று பார்த்து முந்தையதைக் கண்டுபிடிக்கும் முறை. கட்டுரையாசிரியர் எறிந்த இரண்டாம் தட்டு அம்பெனப் பறந்து கூடையிலிருந்து ஆறடி தூரத்தில் அடக்கமாக அமர்ந்தது. அப்பயணத்தின் மிகச் சிறந்த எறிதல் அதுவே; அது கணக்கில் சேராது. வேண்டுமென்றே கெடுத்து எறிந்த மூன்றாவதும் நன்றாகவே போயிற்று. நான்காவதைச் சலிப்போடு எறிந்தபோது அது சோளத்துக்குள் போய்விட்டது. பச்சையைத் தேடப் போனவர் இப்போது நீலத்தையும் தேட வேண்டியதாயிற்று. நீலம் கிடைத்தது. அதற்கு நாலு வரிசை தள்ளி, மண்ணில் பாதி புதைந்து, வேறு யாரோ ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சிவப்புத் தட்டு ஒன்றும் கிடைத்தது. தட்டின் அடியில் பெயரும் எண்ணும் எழுதிவைப்பதும், கண்டெடுத்தவர் அந்த எண்ணுக்குத் தகவல் சொல்வதும் இவ்வாட்டத்தின் மரபு. அது கிடக்கட்டும்.

நான்காம் கட்டத்தில் பின்னால் ஆடிக்கொண்டு வந்த நான்கு இளைஞர்கள் முதலில் மரியாதைக்குச் சேர்ந்து தேடினார்கள்; பிறகு மரியாதையாக விலகிப் போனார்கள்; 18-ஆம் குழியை முடித்துக்கொண்டு கார்களுக்குத் திரும்பும்போது கையையும் அசைத்தார்கள். ஐந்தாம் கட்டம் ஒன்று உண்டு. தட்டு சோளத்துக்குள் போகவேயில்லை, புல்லில்தான் கிடக்கிறது என்னும் புதிய கொள்கை அதில் உருவாகிறது. இக்கொள்கையை உருவாக்கியவர் இதுவரை கடந்து வந்த புல்லையெல்லாம் காலால் தடவிக்கொண்டே பின்னோக்கி நடக்கிறார். இப்பகுதி அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டது என்று வாசகர் கருதினால், காரில் அமர்ந்திருந்தவர்கள் 55 நிமிடம் அமர்ந்திருந்தார்கள் என்பதையும் கருத வேண்டும்.

அதன் விளைவுகள் நெப்ராஸ்காவில் தெரிந்தன. கார்னி ஊருக்கு அருகே 80-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேலேயே பாலம்போல் கட்டியிருக்கும் ஆர்ச்வே அருங்காட்சியகத்தை மகள் இரண்டு மாதமாகப் பட்டியலில் எழுதி வைத்திருந்தாள். குடும்பம் அங்கே சேர்ந்தபோது அது மூடிவிட்டது. நெடுஞ்சாலையே அதன் அடிவயிற்றின் வழியாகப் போவதால், போய்க்கொண்டே அண்ணாந்து பார்த்ததும் பார்த்ததாகவே கணக்கு என்று தந்தை விளக்கினார். நார்த் பிளாட் ஊரைத் தாண்டி மேற்கே போனால் நேர மண்டலம் மாறிக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. ஆகவே இழந்த 55 நிமிடமும் வட்டியாக ஐந்து நிமிடமும் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன என்றும் அவர் கணக்குக் காட்டினார். மனைவி வானொலியின் ஒலியைக் கூட்டினார்.

அயோவாவிலேயே, எவரும் அறியாமல், மாமியார் அரைக்காசு அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார் என்பது பின்னர் தெரிய வந்தது. அரைக்காசு அம்மன் என்பது தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் பலரும் வெல்லம் நேர்ந்துகொள்ளும் தெய்வம். புதுக்கோட்டை, திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளே அப்பெயரால் வழங்கப்படுகிறாள். செவ்வாய்க்கிழமை காலை வந்த குறுஞ்செய்தியின் சாரம் பின்வருமாறு: சோளத்தின் ஓரத்தில் தங்களுடைய பச்சைத் தட்டு கிடைத்தது, முதல் டீ மேடைக்கு அருகிலுள்ள பெட்டியில் போட்டிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். முடிவில் சிரித்த முகம் ஒன்று. பெட்டிக்கும் குறுஞ்செய்தியைப் படித்தவர்க்கும் இடையே 650 மைலுக்கு மேல் இருந்தது. அஞ்சலில் அனுப்ப முடியுமா, செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று கேட்டு அனுப்பியதற்கு இதுவரை பதில் இல்லை. சிரித்த முகம் போடத் தெரிந்தவர்க்கு அஞ்சல் நிலையம் எங்கே என்று தெரியாமலா இருக்கும்? மாமியாருக்கோ இதில் குறை ஒன்றும் தோன்றவில்லை. “அம்மன் கண்டுபிடிச்சுக் குடுப்பா, மாப்பிள்ளை. கூரியரா அனுப்புவா?” என்றார். கால் கிலோ வெல்லம் மருமகன் கணக்கில் ஏறியது.

திரும்பும்போதும் அதே வழியாகப் போகலாம் என்னும் முன்மொழிவு டென்வர் விடுதியின் காலை உணவு மேசையில் ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. குடும்பம் தெற்கே கான்சஸ் வழியாகத் திரும்பிற்று. அவ்வழியில் எம்போரியா இருக்கிறது, அங்கே உலகச் சாம்பியன்ஷிப் போட்டியே நடந்திருக்கிறது என்று சொல்லப் போனவரின் பேச்சு முதல் வாக்கியத்திலேயே நிறுத்தப்பட்டது. சிவப்புத் தட்டு இன்னும் கட்டுரையாசிரியரின் பையில்தான் இருக்கிறது. அதிலுள்ள எண்ணுக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஆள் அஞ்சலில் அனுப்பச் சொல்லக்கூடும்.

ஆகவே, 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் அயோவாவைக் கடக்கும் வாசகர் எவரேனும் இருப்பின், டெமாய்னுக்கு மேற்கே சிறிது இறங்கி, முதல் டீ மேடைப் பெட்டியிலிருந்து பச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு, முடிந்தால் சிவப்பை அங்கே போட்டுவிட்டு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். பத்தே நிமிடம். வழியில்தான் இருக்கிறது.