அஷ்டலிங்க முறைப்படி கேமிங் கணினி: ஒரு பொருள்தெரிவு ஆராய்ச்சி

1. ஆய்வுச் சிக்கல்

திருவண்ணாமலையில் பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் வைக்கும் கணினி விண்ணப்பம், "காலேஜ் ப்ராஜெக்டுக்கு" என்றே தொடங்கும். ப்ராஜெக்டுக்குக் கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்னும் வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மானிட்டர் நீங்கலாக 50,000 ரூபாயை ஒட்டி வாங்கிய பெட்டி ஐந்தாண்டு உழைக்க வழி யாது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

2. முன்னோர் கருத்து

முன்னோர் மூவகையினர். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வந்த சித்தப்பா மகன், "எல்லாம் ஒண்ணுதான்டா, விலை குறைஞ்சதைப் போடு" என்பார். யூடியூபர், போன மாதம் தாம் சொன்னதையே இந்த மாதம் மறுப்பார். கையிருப்பில் உள்ளதே சிறந்தது என்மனார் கடைக்காரர். மூவரும் தம்முள் முரணுவதால், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திசைக்கொன்றாக நிற்கும் எட்டு லிங்கங்களின் வரிசையையே நெறியாகக் கொண்டோம்.

3. எண்திசை ஆய்வு

இந்திரன்: ப்ராசஸர். இந்திரர்கள் மாறுவர், இந்திரப் பதவி நிற்கும். ஆகவே ஆளைவிட அரியணையை, அதாவது மதர்போர்டின் சாக்கெட்டை நோக்குக. 2017-இல் முதல் ரைசனை ஏற்ற ஏஎம்4 போர்டுகளில் பல, பயாஸைப் புதுப்பித்தபின் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யையும் ஏற்றன. இன்டெலின் 1151 சாக்கெட்டிலோ, 2017-இல் எட்டாம் தலைமுறை வந்தபோது பெயர் பழையது, வாங்க வேண்டிய போர்டு புதியது.

அக்கினி: கிராபிக்ஸ் கார்டு. சூடும் செலவும் கூடுமிடம் இதுவே. இதன் சொந்த நினைவகம் 4 ஜிபி என்றால் ஆயுள் அற்பம். 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600, 132 வாட்டில் அடங்கிப்போகும் சாது.

எமன்: எஸ்எம்பிஎஸ், அதாவது உறுப்புகளுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி. கேபினெட்டோடு இலவசமாக வரும் இது, போகும்போது தனியே போகாது. போர்டையும் கார்டையும் துணைக்கழைக்கும். 80 பிளஸ் முத்திரை மின்சிக்கனத்துக்குச் சான்று, நீடித்த ஆயுளுக்கு அன்று. கம்பெனி ஐந்தாண்டு வாரண்டி தருகிறதா என்பதே ஆயுள் ரேகை.

நிருதி: செகண்ட் ஹேண்ட் கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டதும், இரவுபகலாக அதில் உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. "லேசா கேம் ஆடினதுதான் சார்" என்பது விற்பவர் வாக்குமூலம். சாட்சி இல்லை.

வருணன்: வாட்டர் கூலிங். இந்த விலையில் ஆடம்பரம். அடுத்த சன்னிதிக்கு நடக்க.

வாயு: கேபினெட். முகப்பைக் கண்ணாடியால் அடைத்தது அழகு; வலையால் ஆனது அறிவு. போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ள மின்தேக்கியின் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர் வாய்பாடு. அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடி அறையில் விளையாடுவோர் இதனை மனனம் செய்க. மூன்று மாதத்துக்கொரு முறை தூசி தட்டுவதும் வாயு வழிபாடே.

குபேரன்: ரேம். 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டும் எட்டுமாக வாங்கினால், இரு வழியில் தரவு ஓடும். குபேரனே ஆயினும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு.

ஈசானியம்: பில். அதைக் கிழித்தெறிந்தவனுக்கு வாரண்டி இல்லை.

4. ஐயமும் தெளிவும்

"ஆர்ஜிபி விளக்கு எரியாதது கேமிங் கணினி ஆகுமோ?" எனின், ஆகும். பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரிய ஊரில், கார்த்திகைக்கு மலையுச்சியிலேயே தீபம் ஏற்றுகிறார்கள். மேசைக்கடியிலும் ஒன்று வேண்டியதில்லை. அவ்விளக்கு ஒரு ஃபிரேமையும் கூட்டியதாகச் சான்றில்லை. கூட்டுவது பில் தொகையை மட்டுமே.

5. முடிபு

கண்ணுக்குத் தெரியும் உறுப்பில் கஞ்சத்தனமும், தெரியாத உறுப்பில் தாராளமும் காட்டுக. போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் நன்றாக அமைந்தால், பின்னாளில் கார்டையும் ப்ராசஸரையும் மட்டும் மாற்றிப் பெட்டியின் ஆயுளை நீட்டலாம். பணம் கட்டும் பெற்றோர் பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்த எஸ்எம்பிஎஸ்?" சட்டென்று பதில் சொல்லும் பிள்ளைக்கு நம்பி வாங்கித் தரலாம். விழிக்கும் பிள்ளை இன்னும் ஒரு பௌர்ணமி பொறுக்கட்டும்.