ஆஃப் சீசன் என்னும் கருத்தாக்கமும் ஆய்க்குடி டீக்கடை பெஞ்சும்: ஒரு முன்னோடி ஆய்வு

கிரிக்கெட்டுக்கு 'ஆஃப் சீசன்' என்று ஒரு காலம் உண்டு என்பது அறிஞர் பலர் ஒப்புக்கொண்ட முடிவு. ஐபிஎல் மே கடைசியில் முடியும். அடுத்த ஆட்டம் மார்ச்சில்தான். நடுவே கிடப்பது வெறும் பொட்டல். இந்த முடிவு ஆய்க்குடியில் செல்லாது என்பதே இக்கட்டுரையாளரின் கருதுகோள்.

காரணம் எளிது. எங்கள் பக்கம் 'சீசன்' என்றால் குற்றாலத்தில் தண்ணி விழுகிறது என்று பொருள். "சீசன் எப்படி?" என்று கேட்டால் யாரும் சென்னை அணி எத்தனையாவது இடம் என்று சொல்ல மாட்டார்கள், ஐந்தருவியில் எத்தனை கிளை விழுகிறது என்றுதான் சொல்வார்கள். ஐபிஎல் ஓயும் நேரமும் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் இறங்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்று. 2025-இல் இறுதி ஆட்டம் ஜூன் 3 வரை இழுத்ததில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியே விட்டன. ஆக, கிரிக்கெட்டுக்கு ஆஃப் சீசன் தொடங்கும்போது எங்களுக்குச் சீசன் தொடங்குகிறது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் கார்த்திகை பிறந்து ஐயப்பன் சீசன் வந்துவிடும். வீரர் ஏலமும் சரியாக அப்போதுதான். எந்த மாதத்தை ஆஃப் என்பது?

களம், ஓர் ஓடு வேய்ந்த டீக்கடை. தரவு மூலங்கள்: பெஞ்சு இரண்டு, பாய்லர் ஒன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவரோடு எதிலும் ஒத்துப்போகாத மின்வாரியப் பெரியவர் ஒருவர், டீ மாஸ்டர்.

பாய்லரைத் தரவு என்று சொல்வதற்கு உலகளாவிய ஆதாரம் உண்டு. அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் பைத்தியம். பனிக்காலத்தில் ஆட்டம் கிடையாது. அப்போது எந்த அணி எவனை வாங்கும், எவனைக் கழற்றிவிடும் என்று கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்களாம். அந்தப் பேச்சுக்கு அவர்கள் வைத்த பெயரே 'சூடான அடுப்பு லீக்'. 1980-இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். நிஜ வீரர்களின் பெயரைத் தாளில் ஏலம் எடுத்து, அவர்கள் களத்தில் அடிப்பதை நம் கணக்கில் வரவு வைக்கும் ஆட்டத்தை நண்பர்களோடு தொடங்கினார். அவர்கள் கூடிச் சாப்பிட்ட நியூயார்க் சாப்பாட்டுக் கடையின் பெயரையே அதற்கு 'ரோட்டிசெரி' என்று சூட்டினார்கள். இன்றைய ஃபேன்டஸி ஆட்டங்களுக்கெல்லாம் தாய்வீடு, கோழி வாட்டும் கடை! பிரானூர் பார்டரில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே நம்மாள் ஒருவர் இதை யோசித்திருந்தால் 'சால்னா லீக்' என்று உலகம் சொல்லியிருக்கும். நாம் கோட்டைவிட்டோம்.

கோட்டைவிட்டோமா என்பதும் ஐயத்துக்குரியது. ஊர்ப்பெயரை நோக்குக. பொதியமலைத் தலைவன் ஆய் அண்டிரனின் ஊர் இது என்று இங்கே பால்குடிப் பிள்ளையும் சொல்லும். ஆய், கடையெழு வள்ளல்களில் ஒருவன். அந்த ஏழு பேரும் என்றாவது ஒன்றாக உட்கார்ந்து ஒருவாய் தண்ணீர் குடித்ததுண்டா? கிடையாது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் ஆளுக்கொரு மலையிலிருந்து பொறுக்கி, ஓலையில் ஓர் அணியாக எழுதினார். இது ஃபேன்டஸி அணி அல்லாமல் வேறென்ன? நான்கு பேர் குறைகிறார்கள், அவ்வளவே. அணிக்குள் ஒற்றுமையும் கிடையாது: காரி ஓரியைப் போரில் கொன்றவன். ஒரே பட்டியலில் இருவரும் எப்படி என்று மின்வாரியப் பெரியவர் ஆட்சேபித்தார். 2019-இல் பந்து வீசுமுன் கிரீஸை விட்டு நகர்ந்த பட்லரை ரன் அவுட் ஆக்கிய அஸ்வின், 2022-இல் அதே பட்லரோடு ராஜஸ்தான் அணியில் ஒன்றாய் ஆடியதைச் சுட்டிக்காட்டியதும் ஆட்சேபம் தள்ளுபடியானது. போதாதற்கு, ஏழு பேரும் சுமந்த பாரத்தைப் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஒருவனே தாங்குகிறான் என்கிறார் புலவர். ட்ரீம்11 என்ற ஃபேன்டஸி செயலியில் கேப்டனுக்கு இரண்டு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு புள்ளி. நத்தத்தனார் ஏழு மடங்கு கொடுத்தார்.

ஏலத்துக்கு வருவோம். 'ஏலம்' என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. 'ஒருதரம், ரெண்டுதரம்' மட்டும் நம்முடையது. குளத்து மீன், புளியமரத்து மகசூல், கோயில் தேங்காய் என்று எல்லாவற்றையும் ஏலம்விட்ட ஊருக்கு, 2008 பிப்ரவரியில் தோனியை 15 லட்சம் டாலருக்குச் சென்னை எடுத்தது அதிசயமாகப் படவில்லை. அதிசயம் பின்னால் வந்தது. 2018-இல் 7.60 கோடிக்கு அஸ்வின் பஞ்சாபுக்குப் போனபோது பெஞ்சே துக்கம் காத்தது. 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் 9.75 கோடிக்கு அவர் சென்னைக்கே திரும்பி வந்ததும் டீ மாஸ்டர் ஆளுக்கொரு வடை இலவசம் என்றார். தலைமையாசிரியர் மட்டும் வடையைத் தொடவில்லை.

"வித்த வயலை வெல கூட்டித் திரும்ப வாங்கியிருக்கு. கெணத்துல தண்ணி கெடக்கான்னு பாத்தாகளா?"

2025-இல் ஒன்பது ஆட்டம், ஏழு விக்கெட். சென்னை முதல்முறையாகக் கடைசி இடம். ஆகஸ்டில் அஸ்வின் ஐபிஎல்லிலிருந்தே விடைபெற்றார். சாருக்குத் தர வேண்டிய வடை இன்னும் கணக்கில் நிற்கிறது.

அதே ஆகஸ்டில்தான் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ட்ரீம்11 காசுப் போட்டிகளை மூடியது. பெஞ்சின் இளவட்டம் போனைப் பையில் போட்டுக்கொண்டது. அப்போது மூத்தோர் தங்கள் பழைய தொழில்நுட்பத்தை வெளியே எடுத்தார்கள்: தினசரி காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் வெள்ளை, பதினொரு பெயர் எழுத அளந்து செய்ததுபோல் இடம். ரன்னுக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு இருபத்தைந்து. வாரக் கடைசியில் குறைந்த புள்ளிக்காரர் எல்லாருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். தாளில் எழுதுவது இணையம் ஆகாது, டீ பணம் ஆகாது என்பது சாரின் சட்ட விளக்கம்.

முன்பக்கம் சும்மா இருக்கவில்லை. 2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். மார்கழி ஒன்று, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி மதியம் இரண்டரைக்குத் தொடக்கம். மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். சூலம் வடக்கு. அபுதாபி நமக்கு வடமேற்கு, ஆகவே பாதி தோஷம் என்று முடிவாயிற்று. பரிகாரம் பால் என்று போட்டிருந்தது. டீக்கடையில் அதற்கா பஞ்சம்! அன்று பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளசுகளை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்துச் சென்னை எடுத்தது. அடிப்படை விலை 30 லட்சம். அன்றைக்குப் பாலுக்கு விலை ஏறாதது ஒன்றே ஆறுதல்.

ஏலத்தைவிட நுட்பமானது அணிகள் தமக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் வியாபாரம். ஏலம் ஊரறிய நடப்பது. இதுவோ மாட்டுச்சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. பேரம் படியும்வரை பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. 2025 நவம்பரில் துண்டை விலக்கியபோது சஞ்சு சாம்சன் சென்னையில் இருந்தார். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானில் இருந்தார்கள். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடித்துக் கோப்பை வாங்கித்தந்த ஜடேஜா! பெஞ்சில் ஒரு கால் மணி நேரம் பேச்சில்லை. டீயை ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன வே இது, ரெண்டக் குடுத்து ஒண்ண வாங்கியிருக்கானுவ?"

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்கு, அண்ணாச்சி. இனி ராஜஸ்தான் நமக்குச் சம்பந்தி வீடு."

"அப்போ தோத்தா?"

"சம்பந்தி வீட்டுல தோக்கது மரியாததான?"

இதனினும் செறிவான வணிகப் பகுப்பாய்வை இக்கட்டுரையாளர் எந்தத் தொலைக்காட்சியிலும் கேட்டதில்லை.

முதன்மைச் சான்றான ஏல நாள் காலண்டர் தாளைப் பாதுகாக்க வேண்டும் என்று தோன்றியது. சுவடி தேடி அலைந்த உ.வே.சா.வை மனதில் நினைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனேன். டீ மாஸ்டர் கல்லாவுக்கு அடியில் தேடினார், காலண்டர் அட்டைக்குப் பின்னால் தேடினார், பிறகு தலையைச் சொறிந்தார். சாமிமார் வேன் ஒன்று விடியக்காலம் குற்றாலத்துக்குப் போகிற வழியில் நின்றதாம். உளுந்தவடை பதினாறு கட்டச் சொன்னார்களாம். பேப்பர் தீர்ந்துவிட்டதாம்.

வாசலில் ஒரு கிழிசல் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எண்ணெய் ஊறிப்போனதில் முன்பக்கத்து ராகு காலமும் பின்பக்கத்து விக்கெட் கீப்பரும் ஒன்றாகவே தெரிந்தார்கள்.