ஆளில்லா வீட்டில் பூனைக்குட்டி: புக்கிட் மெர்தாஜாம் தாமான் வீடுகளை முன்வைத்து ஒரு விசாரணை

பூனைக்குட்டியைப் பற்றித் தமிழில் யாரும் யோசிக்காமல் விட்டுவிடவில்லை. தொல்காப்பியர் மரபியலில், வெருகின் இளசை என்ன பெயரிட்டு அழைக்கலாம் என்று சூத்திரமே செய்திருக்கிறார். கம்பர் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கித் தீர்க்கப் புறப்பட்ட பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார். வைணவப் பெரியோர் மோட்சத்துக்கு வழி சொல்லவே பூனைக்குட்டியைத் துணைக்கு அழைத்தார்கள். ஆனால் விடியுமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கம்பனி பஸ் ஏறி, பொழுது சாய்ந்து திரும்புகிற ஒருவன், நேற்று வந்த குட்டியை இன்று என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த மூன்று இடத்திலும் விடை கிடையாது. இந்தப் பெரும் இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுக்களம் புக்கிட் மெர்தாஜாம். உள்ளூரில் பி.எம். என்றால் போதும். பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தீவுதான் நினைவுக்கு வரும். நாங்கள் கடலுக்கு இந்தப் பக்கம், நிலப்பகுதியில் இருக்கிறோம். 1972இல் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழிற்பேட்டை வந்தது, 1985இல் 13.5 கிலோமீட்டர் பாலம் திறந்தது. அன்று முதல் இந்தப் பக்கத்துத் தாமான் குடியிருப்புகள் இரவில் தூங்கவும், அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் பகலில் வேலை பார்க்கவும் என்று ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. இந்தக் களத்தைத் தேர்ந்ததற்கு வேறு கல்விசார் காரணம் எதுவும் இல்லை. கட்டுரையாளரின் வீடு இங்கே இருக்கிறது.

மாதிரித் தேர்வு பற்றி ஒரு சொல். ஜார்ஜ் டவுன் விழாவுக்காக 2013இல், தெருவிலங்குகள் மீது பரிவு வரட்டும் என்று, 'தொலைந்துபோன 101 பூனைக்குட்டிகள்' என்ற பெயரில் ஓவியர்கள் பழைய நகரத்துச் சுவர்களில் பூனைகளை வரைந்தார்கள். அவற்றின் முன் நின்று படம் எடுக்கச் சுற்றுப்பயணிகள் வந்தார்கள். சுவர்ப் பூனைகள் ஆய்வுக்கு மிக வசதியானவை: மதியச் சாப்பாடு கேட்பதில்லை, சார்ஜர் கம்பியைக் கடிப்பதில்லை. ஆனால் இக்கட்டுரைக்குக் கிடைத்தது அந்த வகை அல்ல. இது பாசார் ஓரத்து லோங்காங்கில் (சாக்கடையில்), காய்கறிக் கூடைகளுக்கு நடுவே குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஆரஞ்சு நிறக் குட்டி. மலேசியாவில் ஆரஞ்சுப் பூனைக்கு 'ஓயேன்' என்று செல்லப்பெயர். வம்புக்குப் பேர்போன இனம் என்று பொதுமக்கள் கருத்து. வால் பாதிதான் இருந்தது. நுனியில் ஒரு முடிச்சு. யாரோ கதவிடுக்கில் நசுக்கிவிட்டார்கள் என்று நண்பர் ஒருவர் பரிதாபப்பட்டார். மலாய்த் தீவுகள், சயாம், பர்மா வட்டாரத்துப் பூனைகளுக்கு வால் குட்டையாகவும் பல நேரம் நுனியில் முடிச்சோடும் இருப்பதை டார்வின் 1868இலேயே எழுதிவைத்துவிட்டார். ஆகவே இது விபத்து அல்ல, வம்சம்.

குட்டி வந்த செய்தி பரவியதும் இரண்டு கொள்கைகள் உருவாயின. முதலாவதை ஏக்கக் கொள்கை எனலாம். இதன் ஆசிரியர் கூலிமில் இருக்கும் பெரியம்மா. "அதுவும் ஒரு உசிருதானேய்யா. நீ பாட்டுக்குப் பூட்டிட்டுப் போயிட்டா, நாள் முழுக்க அது ஏங்கிப் போயிடாதா?" என்று போனில் கேட்டார். இரண்டாவது, கிடக்கட்டும் கொள்கை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைத் தம்பி இதை ஒரே வாக்கியத்தில் நிறுவினார்: "பூனதானண்ணே, அது பாட்டுக்குக் கெடக்கும்." முதல் கொள்கையை ஏற்றால் வேலையை விடவேண்டும். இரண்டாவதை ஏற்றால் குட்டியை விடவேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தாக வேண்டும்.

முன்னோர் நூல்களில் தேடினோம். கம்பரின் பூனையை முதலில் விலக்கிவிடலாம். உவமையில் அது அழகு. நடைமுறையில், பால்குடி மறந்த பூனைக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. ஒரு கிண்ணம் பசும்பாலுக்கே வயிறு கலங்கும். அது பாற்கடலை முழுக்க நக்கியிருந்தால், பின்விளைவை ஆறு காண்டத்திலும் அடக்கியிருக்க முடியாது.

வைணவ வழக்கு இன்னும் ஆழமானது. வடகலையார் மர்க்கட நியாயம் என்றார்கள்: குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் மார்ஜார நியாயம் என்றார்கள்: பூனைக்குட்டி எதுவும் செய்ய வேண்டாம், தாயே கழுத்துத் தோலைக் கவ்வித் தூக்கிப் போய்விடும். அருளைப் பெற உயிருக்கு முயற்சி தேவையா இல்லையா என்ற வழக்கில் தலையிட இக்கட்டுரையாளருக்குத் தகுதி இல்லை. ஆனால் இரண்டு கலையாரும் தாய் எந்நேரமும் குட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதாக வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். பூனை விஷயத்தில் அது பொருந்தாது. தாய்ப்பூனை வேலைக்குப் போகிற தாய். குட்டிகளை ஒரு பெட்டி இடுக்கிலோ கடைமாடி மூலையிலோ ஒளித்துவைத்துவிட்டு அது இரை தேடப் போகும். திரும்பி வரும்வரை குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். பூனைக்குலம் இந்த ஷிப்ட் முறையைப் பாயான் லெப்பாஸுக்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்துவிட்டது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. குட்டிக்கு ஆள் இல்லாதது பெரிய பயம் அல்ல. இடம் பெரிதாக இருப்பதுதான் பயம். வந்த அன்றே வீடு முழுவதையும் திறந்துவிடுவது விருந்தோம்பல் என்று நாம் நினைக்கிறோம். ஓர் உள்ளங்கை அளவு உயிருக்கு, முன்கூடம், மூன்று அறை, அடுக்களை, பின்கட்டு எல்லாம் சேர்ந்து ஒரு காடு. ஆகவே ஓர் அறை, கதவு சாத்தி. ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர்மூலையில் மணல்தட்டு (சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் அது போகாது, இந்த நாசூக்கு சில மனிதருக்கும் வரலாம்). கவிழ்த்த அட்டைப்பெட்டியில் ஒரு வாசல். உள்ளே நம் பழைய பனியன் ஒன்று, துவைக்காதது. ஓட்டு வீட்டுப் பகல் சூட்டுக்கு மின்விசிறி சின்ன வேகத்தில் ஓடட்டும்.

அறையில் இருக்கக்கூடாதவை பற்றி வேடிக்கைக்கு இடமில்லை. நூல், ரப்பர் பேண்டு, ரிப்பன் எல்லாம் குடலில் சிக்கும். மனிதருக்குத் தலைவலி போக்கும் பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு. பூச்சாடி லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே அதன் சிறுநீரகம் போகும். முன்வாசல் இரும்பு கிரில் மனிதத் திருடரை நினைத்துச் செய்யப்பட்டது. குட்டி அதன் கம்பிகளுக்கு நடுவே நின்று நிதானித்துப் போய்வரும்.

சட்டம் ஏதாவது உதவுமா என்றும் பார்த்தோம். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் தகுந்த இடமும் உணவும் தரவேண்டும் என்கிறது. ஆனால் அதைத் தருகிறவர் எந்நேரம் வீட்டில் இருப்பார் என்பது வேலைச் சட்டத்தின் கையில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தம் வார வேலைநேரத்தை 48லிருந்து 45 மணிநேரமாகக் குறைத்தது. பேறுகால விடுப்பை 98 நாளாக்கியது. தகப்பன்மாருக்கு 7 நாள் கொடுத்தது. பூனைக்குட்டி எடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. வேலைநேரத்தை மாற்றித்தரும்படி எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எட்டு வாரக் குட்டி வாரத்துக்கு ஏறக்குறைய நூறு கிராம் எடை கூடுகிறது. பதில் வருவதற்குள் குட்டி இருமடங்காகி, எந்தக் கருணைக்கும் தகுதி இழந்து நிற்கும்.

இனி மையக் கேள்விக்கு வருவோம். ஆளில்லாத நேரத்தில் குட்டி என்னதான் செய்கிறது?

இதற்கு ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. புனித அன்னாள் ஆலய வளாகத்தில் செரோக் தோகுன் பாறை இருக்கிறது. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். பல்லவ எழுத்துச் சாயலில் சில கீறல்கள்; காலம் 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். எழுதியவன் போய்விட்டான், கீறல் மிச்சம். அதை வைத்து நடந்ததை ஊகிக்க வேண்டும். மாலையில் வீடு திரும்பிய ஆய்வாளரின் நிலையும் அதுவே. அறையில் கிடந்த பழைய நாற்காலியின் கைப்பிடியில் செங்குத்தாக நான்கு கோடுகள். அதன் கீழே தரையில், பிறை வடிவத்தில், ஒளி ஊடுருவும் ஒரு சிறு தோடு. பூனை நகத்தின் வெளியுறை அது. உரசும்போது பழைய உறை கழன்று விழுந்து, கீழிருக்கும் கூர்நகம் வெளிவருகிறது. பாதத்து வியர்வையின் வாசனையும் அந்த இடத்தில் பதிகிறது. ஆக, அந்தக் கல்வெட்டின் வாசகம் பெரும்பாலான கல்வெட்டுகளின் வாசகம்தான்: இந்த நிலம் என்னுடையது.

அடுத்து அடுக்காய்வு. தரையில் எல்லாவற்றுக்கும் அடியில் காலுறை, துணிக்கூடையிலிருந்து இழுக்கப்பட்டது. அதன் மேல் டிஷ்யூத் தாள் சிதறல். அதற்கும் மேல் மணல்தட்டிலிருந்து தெறித்த துகள்கள். காலுறை மீது தாளும், தாள் மீது மணலும் கிடப்பதால் வரிசை தெளிவு: முதலில் வேட்டை, பிறகு அட்டகாசம், பிறகு இயற்கை உபாதை. அதற்கு மேல் எந்த அடுக்கும் இல்லை. அட்டைப்பெட்டிக்குள் இருந்த பனியன் மட்டும் குழிந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அதாவது மொத்த நாகரிகமும் காலையில் சிறிது நேரத்திலேயே எழுந்து விழுந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் உறக்கம். பிறகு ஒரு மலிவான கேமராவும் மாட்டப்பட்டது. கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வேலைத்தளத்துக்குள் போகமுடியும் என்பதால், தேநீர் இடைவேளையில் மட்டுமே நேரடி ஒளிபரப்பு. இடைவேளைக்கு இடைவேளை அதே படம்: ஓர் அட்டைப்பெட்டி, அதில் அரை வால்.

காரணம் எளிது. குட்டி நாளில் 16 முதல் 20 மணிநேரம் தூங்கும். விழித்தாலும், விடிகாலையும் அந்தியும்தான் அதற்குச் சுறுசுறுப்பான வேளை. இங்கேதான் மலேசிய அரசாங்கம் தன்னை அறியாமல் பூனைக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறது. 1982 பிறந்தபோது, சபா சரவாக்கோடு ஒத்துப்போவதற்காகத் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் எங்களுக்குச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. மறைவதும் மாலை ஏழைச் சுற்றித்தான். தொழிலாளி இருட்டில் எழுந்து மணல்தட்டைச் சுத்தம் செய்து, ஒரு குச்சியில் துணி கட்டி ஆட்டிவிட்டு, சாப்பாடு வைத்துவிட்டுக் கிளம்பும் நேரம் குட்டி துள்ளும் நேரம். பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து கதவைத் திறக்கும் நேரம் மறுபடியும் அது துள்ளும் நேரம். இடையில் இருவரும் இல்லை: ஒருவர் தொழிற்சாலையில், ஒருவர் உறக்கத்தில். ஏக்கம் இருந்தது உண்மை. லாக்கர் அறையில் நின்று கைபேசியைத் தடவியவனிடம் அது இருந்தது. பெரியம்மாவின் கொள்கை சரி, ஆளைத்தான் மாற்றிப்போட வேண்டும்.

கிடக்கட்டும் கொள்கையும் வயிறு என்ற இடத்தில் சறுக்குகிறது. நான்கு மாதம் வரை குட்டிக்கு நாளில் மூன்று நான்கு வேளை வேண்டும்; ஈர உணவை இந்த வெயிலில் காலையில் வைத்துவிட்டுப் போனால் மதியத்துக்குள் கெடும். உலர் உணவை விட்டுப்போகலாம். அதைவிட நல்ல கருவி பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா). அவரிடம் சாவி கொடுத்ததும் மதியப் பிரச்சினை தீர்ந்தது; கூடவே ஆய்வின் நடுநிலையும் தீர்ந்தது. பொட்டல உணவை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். "காசியான்" என்றார், குட்டியின் தலைவிதிக்கு இரங்கி. மறுநாளிலிருந்து கெம்போங் மீனை வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, ஒரு கைச் சோற்றில் பிசைந்து வந்தது. பூனைகளுக்குத் தங்கள் பெயர் தெரியும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். தெரிந்தால் திரும்பிப் பார்க்கும் என்று அர்த்தமில்லை. கட்டுரையாளர் தொண்டை வறள அழைத்தாலும் அசையாத உயிர், மாக்சிக்கின் செருப்புச் சத்தத்துக்கே வாசலில் நின்றது.

கட்டுரையாளருக்கு ஆறுதல் ஓர் ஆங்கிலேய ஆய்வில் கிடைத்தது. மனிதர் கண்ணைப் பாதி மூடி மெல்லச் சிமிட்டினால், பூனையும் பதிலுக்குச் சிமிட்டி நெருங்கி வருகிறது என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்டார்கள். இதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. ஓ.டி. முடித்து வந்து தரையில் சாய்ந்தவனுக்குக் கண்கள் தாமாகவே அப்படித்தான் இருக்கின்றன. குட்டி அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு மடியில் ஏறியது. மறுக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்பாராத ஒரு தரவு கிடைத்தது. பகலில் மனிதன் வீட்டில் இருப்பது குட்டிக்குப் பிடிக்கவில்லை. அடிக்கடி கதவு திறந்து கொஞ்ச வந்ததால் உறக்கம் கெட்டு, அலமாரியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மாலை ஏழு மணிக்கு, வேலையிலிருந்து திரும்பியவனை வரவேற்பதுபோல வெளியே வந்தது.

இந்தக் கண்டுபிடிப்புகள் யாவும் பகல் ஷிப்டுக்கு மட்டுமே செல்லும். இரவு ஷிப்டில் மனிதன் பகலெல்லாம் பூனையோடு சேர்ந்து உறங்கி, அது துள்ள ஆரம்பிக்கும் வேளையில் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவான். அப்போது மேலே சொன்ன எந்த வாதமும் நிற்காது. ஷிப்ட் பட்டியல் மாறும்போது அதை ஆராயலாம். மாக்சிக்கிடம் இரண்டாவது சாவி ஏற்கெனவே இருக்கிறது. அவர் எப்போது கேட்டார், நான் எப்போது கொடுத்தேன் என்பது தனி ஆய்வுக்குரியது.