ராகுகாலம் மாறல பேராண்டி

ஏலே பேராண்டி, தமிழ்க் காலண்டருக்கு ஆப் போடப் போறியாமே? நல்ல சோலிதான். இங்கன வந்து உக்காரு. திங்கக்கிழமை ராகுகாலம் எப்பலே? ஏழரைல இருந்து ஒம்பது. எங்க பாட்டனுக்கும் அதான், உனக்கும் அதான். அந்த ஒத்த வரியப் போன்ல காட்டுததுக்கு இந்த உலகம் எம்புட்டுக் கூத்து அடிச்சிருக்கு தெரியுமா?

நான் நோக்கியா போன்ல சிம்பியன் ஓஎஸ் ஓடுன காலத்து ஆளு. இந்தத் தொழில்ல அம்பது வயசத் தொட்டாலே கிழவன்தான். வேற எந்தத் தொழில்ல இம்புட்டு சீக்கிரம் இந்த மரியாதை கெடைக்கும், சொல்லு?

அப்ப நோக்கியா போனுக்கு ஜாவால எழுதுவோம். ஒரு தடவ எழுது, எல்லாத்துலயும் ஓடும்னு சொல்லித்தான் அதத் தலைல கட்டுனானுவ. ஓடுச்சா? ஒரு போனுக்குத் திரை 128-க்கு 128 புள்ளி, அடுத்ததுக்கு 176-க்கு 208. பழைய சீரிஸ் 40 போன்ல ஆப் மொத்தமும் 64 கிலோபைட்டுக்குள்ள அடங்கணும். நீ முகப்புல வைக்கப்போற பிள்ளையார் படமே அதவிடப் பெருசா இருக்கும். போனுக்குள்ள தமிழ் எழுத்து கெடையாது. ஒவ்வொரு எழுத்தையும் படமா வரைஞ்சு அந்த 64-க்குள்ளயே திணிக்கணும். சரி, சிம்பியன்லயே நேரா எழுதுவோம்னு போனா, ஒரு பேரச் சேமிச்சு வைக்கவே டிஸ்கிரிப்டர்னு ஒரு பட்டாளம் நிக்கும். எந்த எடத்துல எதப் போடணும்னு புரிஞ்சு முடிக்கையில, 2006 வாக்குல எஸ்60 மூணாம் பதிப்பு வந்துட்டு. பழைய சிம்பியன் ஆப் ஒண்ணும் அதுல ஏறல.

ஐபோன் கதை தெரியுமா? 2007-ல வெளியாளு ஆப்புக்கு அதுல எடமே இல்ல. பிரவுசர்லயே பண்ணிக்கிடுங்கன்னாரு ஸ்டீவ் ஜாப்ஸ். அடுத்த வருசம் ஜூலைல 500 ஆப்போட கடையத் தொறந்துட்டாரு. பெரிய மனுசன் பேச்சுக்கு ஆயுசு ஒரு வருசம். தொறந்த மறுமாசமே ஒருத்தன் 'ஐ ஆம் ரிச்'னு ஒரு ஆப்பக் கொண்டாந்து வச்சான். வெல 999 டாலர் 99 சென்ட். அது என்ன செய்யும்? ஒரு செவப்புக் கல்லு மின்னும். அம்புட்டுதான். மறுநாளே கடைக்காரன் தூக்கிட்டான். அதுக்குள்ள எட்டுப் பேரு வாங்கிட்டானுவலே! நம்ம ஆப்ப 50 ரூவாய்க்கு வச்சா, ஃப்ரீயாத் தர மாட்டியான்னு ஒத்த ஸ்டார் போடுவான்.

இப்ப உங்கிட்ட ஒண்ணு கேக்குதேன். வருசக் குத்தகைக்கு எடுத்த நெலத்துல எவனாச்சும் தென்ன வைப்பானா? நாங்க வச்சோம். எல்லாரும் வச்சானுவ. 2011 பிப்ரவரில நோக்கியா சிம்பியனக் கைவிட்டு மைக்ரோசாஃப்ட்டோட கைகோத்தது. அதுவரைக்கும் எழுதுன கோடு பூராவும் கழிவு. சரின்னு சி ஷார்ப் படிச்சு, சில்வர்லைட் படிச்சு, விண்டோஸ் போன் 7-க்கு எழுதுனோம். 2012-ல எட்டாம் பதிப்பு வருதுன்னானுவ. ஏழு வச்சிருக்கவனுக்கு எட்டு கெடையாதுன்னும் சேத்துச் சொன்னானுவ. அந்த வருசம் காசு குடுத்து லூமியா 900 வாங்குனவன் மூஞ்சிய நெனச்சுப் பாரு. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை ராத்திரி பகலா ஓடிச்சு. 2014 நவம்பர்ல அதையும் நிறுத்திட்டானுவ. எம் ஆப் போனா நான் வேற மொழி படிச்சுக்கிடுவேன். அங்கன ஷிஃப்ட்டுக்குப் போன பிள்ளைய என்ன படிக்கும்?

மத்ததும் அப்படித்தான். பிளாக்பெர்ரிக்காரன், எங்க பத்தாம் பதிப்புக்கு நல்ல ஆப்பாப் போடு, மொத வருசம் 1,000 டாலர் தேறிச்சுன்னா மீதியப் போட்டு 10,000 ஆக்கித் தாரேன்னான். கடைக்காரனே துட்டு குடுத்து ஆளக் கூப்பிட்டா, அந்தக் கடைல கூட்டம் எம்புட்டு இருக்கும்னு நீயே யோசி. வெப் ஓஎஸ் வச்ச டச்பேட் டேப்லெட்ட 2011 ஜூலைல கொண்டாந்த எச்பி, 50 நாளு தாண்டாமயே கைகழுவிட்டு. ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் போன் நம்மூருல 1,999 ரூவாய்க்கு வந்துச்சு. வந்த சுவடும் தெரியல, போன சுவடும் தெரியல.

இப்ப நீ சொல்லுவ: ரெண்டு கடைதான தாத்தா மிச்சம், ஒரே கோடு எழுதி ரெண்டுலயும் போட்டுருவேன்னு. அடேயப்பா! இந்த வசனத்த ஜாவா காலத்துலயே கேட்டவம்லே நான். எச்டிஎம்எல் 5-ஐ ரொம்ப நம்புனது பெரிய தப்புன்னு 2012-ல ஃபேஸ்புக் மார்க் சக்கர்பெர்க் சொன்னாரு. அதே வீட்டுல இருந்துதான் 2015-ல ரியாக்ட் நேட்டிவ் வந்துச்சு. ஏர்பிஎன்பி அத எடுத்து ரெண்டு வருசம் போல ஓட்டிப் பாத்துட்டு, 2018-ல வேண்டாம்னு எறக்கி வச்சுட்டு. இன்னைக்கு ஃப்ளட்டர்ங்க. நல்லதுதான், நான் கொறை சொல்லல. ஆனா பேக் பட்டன் எங்க வைப்ப? ஆண்ட்ராய்டுக்காரன் கை கீழ போகும். ஐபோன்காரன் மேல எடப்பக்கம் தேடுவான். பிரதோசத்துக்கு மொத நா நோட்டிஃபிகேஷன் வரணும்ப. ஐபோன்ல ஒரு ஆப்புக்கு 64-க்கு மேல வரிசைல நிக்காது. ஆண்ட்ராய்டுலயோ, பேட்டரிய மிச்சம் பிடிக்கேன்னு சில கம்பெனி போனு ஒன் ஆப்பயே தூங்க வச்சிரும். பிரதோசம் முடிஞ்சு மறுநா விடியக்கால 'நாளை பிரதோசம்'னு மணி அடிக்கும். ஆச்சி நம்மளயா வைவா, அந்தக் கம்பெனியயா வைவா?

அதனால ஒண்ணு செய்யி. திதி, நட்சத்திரம், ராகுகாலம், இந்தக் கணக்கு பூராவும் தனியா வையி. அதுக்கு எந்தத் திரையும் தெரியக் கூடாது, எந்தக் கடையும் தெரியக் கூடாது. மேல போடுத சட்டைய எத்தன தடவ வேணும்னாலும் மாத்திக்கிடலாம். இத நான் சொன்னா, எங்க டீம்ல க்ளீன் ஆர்க்கிடெக்சர்னு வச்சிருக்கோம் தாத்தாங்க. வச்சிக்கோ, வேண்டாங்கல. ஆனா பேர வச்சுட்டு, திதிக் கணக்கப் பட்டனுக்குள்ள கொண்டுபோய் எழுதாத.

அது இருக்கட்டும், காலண்டர் பாக்க லாகின் எதுக்குலே? சொவத்துல தொங்குத காலண்டரு பாஸ்வேர்டா கேக்கு? எந்த ஊருன்னு கேளு, சரி. சூரிய உதயம் ஊருக்கு ஊரு மாறும். காண்டாக்ட் லிஸ்ட் எதுக்கு? ராகு ஒம் மச்சினனுக்குப் போன் போட்டா பேசப் போறாரு? மொத தடவ தொறந்ததும் நாலு திரை ஓட விடுதியே, 'வாருங்கள், உங்கள் பயணம் தொடங்குகிறது'ன்னு. எந்தப் பயணம்லே? அவனுக்கு இன்னைக்கு அமாவாசையா இல்லையான்னு தெரியணும்.

துட்டு எடுத்து வச்சியா? ஆப்பிளுக்கு வருசா வருசம் 99 டாலர். மாக் வேற வேணும். கூகுளுக்கு ஒரே தடவ 25 டாலர். மலிவுன்னு சிரிக்காத. 2023 நவம்பருக்கு அப்புறம் சொந்தப் பேர்ல புதுக் கணக்கு தொறக்கவன், 20 பேரப் பிடிச்சு 14 நாளு விடாம ஆப்ப சோதிக்க வைக்கணும்னு சட்டம் போட்டான். மறுவருசம் டிசம்பர்ல 12 பேரு போதும்னு எறங்கி வந்தான். அந்தப் பன்னெண்டு பேருக்கு எங்க போவ? சித்தப்பன் மக்க மூணு, மதினி, கடைக்கார அண்ணாச்சி, ஒங்கூடப் படிச்சதுல கல்யாணம் ஆகாதவன் நாலஞ்சு. கொறஞ்சா எம் பேரையும் போட்டுக்கோ. 14 நாளும் ஆப்ப அழிக்காம வச்சிருக்கேன். பதினஞ்சாம் நா ஃபீட்பேக் கேட்டு எனக்குப் போன் போடாத. அதுவும் ராகுகாலத்துல போடவே போடாத.