பிரேக்கிங் ஜி

சென்னை ஓஎம்ஆரில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மாடிக்கு ஒருவர் இப்படி இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருப்பது இவருடைய தம்பியோ என்று செக்யூரிட்டி இரண்டு முறை பார்ப்பார். போட்டோ எடுத்த காலத்து முடி அப்படி. பதவியைக் கேட்டால் டெலிவரி லீட், புரோகிராம் மேனேஜர், ஆர்க்கிடெக்ட் என்று வருஷத்துக்கு ஒன்று சொல்வார். அதெல்லாம் சம்பளத்துக்கு. மனசுக்குப் பிடித்த உத்தியோகம் வேறு. கலிஃபோர்னியாவில் பகலில் எது நடந்தாலும், இங்கே பால் பாக்கெட் வாசலுக்கு வருமுன் டீம் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட வேண்டும்.

எங்கள் மாடிக்காரருக்கு பிரேக்கிங் ஜி என்று பெயர். பயல்கள் வைத்தது. அவருக்கும் தெரியும். யாராவது காதுபடச் சொல்லிவிட்டால் முறைப்பார். அன்றைக்கு டீ செலவு அவருடையது.

ஜி செய்தி போடுவதில் ஒரு முறை உண்டு. முதலில் வெறும் லிங்க் வரும். அடுத்த நிமிஷம் இரண்டே சொல்: ‘கதை முடிஞ்சுது.’ யாருடைய கதை என்று சொல்லமாட்டார். 2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வந்தபோது அப்படித்தான் முடிந்தது. 2024 மார்ச்சில் டெவின் என்று ஒரு ‘ஏஐ மென்பொருள் பொறியாளர்’ வருகிறதென்று அறிவித்தபோது, ‘இந்தத் தடவை நிஜமாவே முடிஞ்சுது’ என்று வந்தது. ஆக, முந்தையது பொய்யாக முடிந்திருக்கிறது. மறுநாள் எப்போதும்போல ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங். ‘நேத்து என்ன பண்ணீங்க, இன்னைக்கு என்ன பண்றீங்க’ என்று அதே ஜிதான் வரிசையாகக் கேட்டார்.

2025 ஜனவரி 27-ஆம் தேதி, சீனாக்காரர்களின் டீப்சீக் ஏஐயைப் பார்த்து மிரண்டுபோய் என்விடியா பங்கு சரிந்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 60,000 கோடி டாலர் மதிப்பு காலி. ஜியிடம் என்விடியா பங்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ‘அமெரிக்கா கதை முடிஞ்சுது மச்சி’ என்று லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரிடமும் துக்கம் விசாரித்தார். அதே வருஷம் அக்டோபர் கடைசியில் அந்தக் கம்பெனியின் மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ‘அன்னைக்கே வாங்கிப் போடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், யார் கேட்டீங்க?’ என்றார். குழுவில் பழைய மெசேஜ் இருக்கிறதே என்று யாரும் தோண்டவில்லை. வருடாந்திர ரேட்டிங் போடுகிறவர் அவர்.

வீட்டில் இதன் பலன் இன்னும் நேரடியானது. மகள் ஏழாம் வகுப்பு. கோடிங் வகுப்புக்கு ஒரு வருஷக் கட்டணம் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். 2024 பிப்ரவரியில் துபாய் மாநாட்டு மேடையில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், இனிமேல் பிள்ளைகள் புரோகிராமிங் கற்க வேண்டிய தேவை இருக்காது என்கிற மாதிரிப் பேசினார். மறு வாரமே கோடிங் நின்று வீணை ஆரம்பித்தது. சரளி வரிசை தாண்டுவதற்குள், நாலு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டையே போட்டுத் தரும் ஏஐ வந்துவிட்ட செய்தி ஜியின் கண்ணில் பட்டது. வீணை உறைக்குள் போனது. இப்போது அந்தப் பெண் பாட்மிண்டன் ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாளாம். 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனித உருவ ரோபோக்கள் அரை மாரத்தான் ஓடிய செய்தியை மட்டும் அவர் கண்ணில் படாமல் வீட்டம்மா எப்படியோ காப்பாற்றிவிட்டதாகக் கேள்வி.

ஜி எதையும் முழுதாகப் படிப்பதில்லை. தலைப்பு, முதல் பத்தி, போதும். இரண்டாம் பத்தியில்தான் ‘ஆனால்’ வரும். அந்த ‘ஆனால்’ அவருக்கு ஆகாது.

ஒரே ஒருமுறை கடைசி வரி வரை படித்திருக்கிறார். 2024 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், லினக்ஸ் கணினியில் லாகின் ஆவது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று நூல் பிடித்துப் போய், எக்ஸ்இஸட் என்ற சின்னக் கருவிக்குள் யாரோ திட்டமிட்டு ஒளித்துவைத்திருந்த கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். உலகத்து சர்வர்களில் பெரும் பகுதி தப்பியது. ஜி உருகிவிட்டார். அன்றிலிருந்து தானும் லாகின் ஆகும்போது கண்ணை மூடிக்கொண்டு ‘ஒண்ணு... ரெண்டு...’ என்று எண்ண ஆரம்பித்தார். எங்கள் விபிஎன்னில் பதினேழு, பதினெட்டு வரை போகும். அத்தனை விநாடிக்குள் எத்தனை கதவு ஒளிந்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டு ஐடி சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டார். மவுஸ் மாற்றிக் கொடுத்துவிட்டு டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுப் பணத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்வதுபோல, வெள்ளிக்கிழமை புரொடக்‌ஷனில் கைவைக்கக் கூடாது என்பது ஜியின் கட்டளை. சின்னப் பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 19 வந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டில் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு உட்கார்ந்துவிட்டன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கிழமை, வெள்ளி. அன்றைக்கு ஜி நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! கையெழுத்து போர்டிங் பாஸ் படத்தைப் பெரிதாக பிரின்ட் எடுத்து, தன் இடத்துத் தடுப்பில் குத்திவைத்துவிட்டார். பக்கத்தில்தான் சாமி படமும் இருக்கிறது.

இதே மாதிரி இன்னொரு கதை அவருடைய டிஎன்எஸ். இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருகிற ஏற்பாடு அது. எது கெட்டாலும் ‘டிஎன்எஸ்ஸா இருக்கும் பாருங்க’ என்பார். கேன்டீன் காபி மெஷின் நின்றபோதுகூடச் சொன்னார். 2025 தீபாவளி அன்று நண்பகல், ஊரே இலை போட்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில், வடக்கு வர்ஜீனியாவிலுள்ள அமேசானின் கிளவுட் படுத்துக்கொண்டது. பாதி ஆப்கள் அவுட். அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஜி டைப் அடித்தார்: ‘டிஎன்எஸ்.’ பிற்பாடு அமேசான் வெளியிட்ட விளக்கத்தில், ஒரே பதிவைத் திருத்தும் இரண்டு தானியங்கி வேலைகள் ஒன்றையொன்று முந்தப் போய், டைனமோடிபி சேவையின் டிஎன்எஸ் பதிவே காலியாகிவிட்டது என்று இருந்தது. நாலைந்து வருஷம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் உலகம் வந்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டது. ஒரு மாதம் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. நவம்பர் 18 மாலை கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை விழுந்தபோதும் கொஞ்சமும் தயங்காமல் ‘டிஎன்எஸ்’ என்றார். அது தரவுத்தள அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால் ஒரு கோப்பு இருமடங்காக வீங்கிய விவகாரம். ‘அடிப்படையில அதுவும் ஒரு மாதிரி டிஎன்எஸ்தான்’ என்று முடித்துக்கொண்டார்.

செய்தியால் அவர் குடும்பத்தில் நிஜமாகவே கதை முடியப் பார்த்தது, எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசா விவகாரத்தில்.

நியூ ஜெர்சியிலிருந்து மச்சினன் கொலுவுக்கென்று ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தான். 2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை காலை. பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். கூடவே ஒரு விஆர் ஹெட்செட்டும் இறங்கியது. ஃபேஸ்புக் 2021-இல் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டபோது ‘இனிமே எல்லாம் இதுக்குள்ளதான்’ என்று ஜி வாங்கியது. ‘அத்திம்பேர், இது எந்தப் படில வைக்கணும்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது. எச்-1பிக்கு இனி 1,00,000 டாலர் கட்டணம், ஞாயிறு முதல் அமல், டிரம்ப் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

‘கெளம்புடா!’

‘அத்திம்பேர், நான் ஏற்கெனவே விசா...’

‘பேசாதே. நாளைக் காலை ஒன்பதரைக்குள்ள அங்க மண்ணை மிதிக்கணும். இல்லேன்னா கதை முடிஞ்சுது!’

கிடைத்த டிக்கெட்டை, கிடைத்த விலைக்கு வாங்கினார்கள். அந்த விலையை ஜி இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. மச்சினன் கையில் தசாவதாரத்தில் பாதி இருந்தது. அப்படியே வைத்துவிட்டுப் போனான். அவன் அட்லாண்டிக்குக்கு மேலே பறந்துகொண்டிருந்த நேரத்தில் வெள்ளை மாளிகையிலிருந்து விளக்கம் வந்தது. புது விண்ணப்பங்களுக்கு மட்டும்தான், ஒரே தடவைதான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போய் வரலாம். இரண்டாம் பத்தி! ‘ரூல் போடறவன் ஒழுங்கா எழுதலேன்னா நான் என்ன பண்ணுவேன்?’ என்று ஜி நியாயம் கேட்டார். நவராத்திரி ஒன்பது நாளும் அவருக்குச் சுண்டல் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. ஆபீசில் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

இத்தனை செய்தி போட்டவர் போடாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு.

2025 ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை. டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, அந்த நிதியாண்டில் வெளியே அனுப்பப் போவதாகத் தெரிந்தது. அதிலும் பெரும்பாலும் நடு மட்டத்திலும் மேல் மட்டத்திலும் இருப்பவர்கள். எல்லாக் குழுக்களும் கொதித்தன. எங்கள் குழுவில் மட்டும் சத்தமில்லை. நாங்களும் போடவில்லை. ஜி பார்த்திருப்பார், அவர் பார்க்காத செய்தியா? நாங்கள் வேறு கம்பெனிதான். நடு மட்டம் என்பது எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது.

திங்கட்கிழமை வந்தார். கிரிக்கெட் பேசினார்! இருபது வருஷ சர்வீசில் அவர் கிரிக்கெட் பேசி யாரும் கேட்டதில்லை. முந்தின நாள் மான்செஸ்டர் டெஸ்டில் ஜடேஜாவும் நம்ம சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தரும் சதம் அடித்து டிரா செய்திருந்தார்கள். ‘ஸ்டோக்ஸ் வந்து கை நீட்டறான், முடிச்சுக்கலாம்ங்கறான். இவனுங்க ரெண்டு பேரும் முடியாதுன்னுட்டானுங்க. செஞ்சுரிக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குல்ல, அடிச்சு முடிச்சுட்டுத்தான் வெளிய வருவேன்கறான்!’ டீ ஆறிப்போனது. திரும்பத் திரும்ப அந்தக் கை நீட்டிய இடத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒருத்தரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை.

அந்த வாரம் முழுக்க ஜி ஏழு மணிக்கு மேலும் ஆபீசில் இருந்தார். அவருக்கு என்ன வேலை தெரியும் என்று புதுப் பையன்கள் கேட்பதுண்டு. அவருக்குத் தெரிந்தது ஜாவா 8. 2014-இல் வந்த சரக்கு. எங்கோ ஒரு நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசிக் கணக்கெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு அதில்தான் ஓடுகிறது. எழுதியவன் யாரென்று தெரியாது. உள்ளே ‘இதைத் தொடாதே’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ஏன் என்று எழுதவில்லை. அது எப்போதாவது நின்றுவிட்டால், வாட்ஸ்அப்பை மூடிவைத்துவிட்டு, ஒரு லாக் ஃபைலை மேலிருந்து கீழ் வரை, இரண்டாம் பத்தி என்ன, இருநூறாம் பத்தி வரை படிப்பார். நாற்பது நிமிஷத்தில் ஓட வைத்துவிடுவார். அந்தச் செய்தியை மட்டும் குழுவில் போடமாட்டார்.

ஆகஸ்டில் பழைய ஜி திரும்பிவிட்டார். இப்போது அவர் பிடித்திருப்பது 2038. பல பழைய கணினிகள் 1970-இலிருந்து விநாடிகளை 32 பிட்டுக்குள் எண்ணிக்கொண்டு வருகின்றன. 2038 ஜனவரி 19-ஆம் தேதி அந்தக் குடம் நிரம்பும், அடுத்த விநாடி கணக்கு 1901-க்குத் தாவிவிடும். நம் நேரப்படி காலை 8:44. ஒய்டூகே வந்தபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவர், அதை ஒற்றை ஆளாகத் தடுத்து நிறுத்தியவர் மாதிரி எங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிறார். ‘செவ்வாய்க்கிழமை வருது. பொங்கல் லீவுன்னு ஊருக்குப் போய்ட்டு ஒருத்தனும் லேட்டா வரக்கூடாது.’

‘ஜி, அப்போ நம்ம கம்பெனி இருக்குமா?’ என்றான் புதுப் பையன்.

‘கம்பெனியைப் பத்தித் தெரியாது தம்பி. ஜாவா எட்டு இருக்கும்.’

அன்று மதியமே அவுட்லுக்கில் டீம் முழுவதற்கும் மீட்டிங் அழைப்பு வந்தது. 2038 ஜனவரி 19, காலை 8:30 முதல் 9:30 வரை. வருகை கட்டாயம். ஒன்பது பேர் அக்செப்ட் கொடுத்துவிட்டார்கள். நான் டென்டேட்டிவ் கொடுத்திருக்கிறேன். காரணம் கேட்டு ஜி இரண்டு முறை பிங் பண்ணிவிட்டார்.