ஏழரை வேண்டுபவர்

திருநள்ளாறு போகிறவர்கள் ஏழரை தொலைந்தால் போதும் என்று நளதீர்த்தத்தில் முழுகி எழுவார்கள். ஏழரை வந்தால் போதும் என்று எள்விளக்கு ஏற்றுகிற ஒருவரை விழுப்புரம் பக்கம் இப்போது பார்க்கலாம். சனி பகவானே ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போயிருப்பார். இவர் கேட்பது ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் 7.5 பேண்டு. மொத்தமே 9தான். கூடப் படிக்கிற நர்ஸ் பெண்ணிடம் இங்கிலாந்தின் செவிலியர் கவுன்சில் கேட்பது பேச்சில் 7. இவருக்கும் ஏழு போதும். ஆனால் காய்கறி வாங்கிய கையோடு கொத்தமல்லி கொசுறு கேட்டுப் பழகிய குடும்பம். அரை கூடக் கேட்கிறார்.

வயது இருபத்தைந்துக்கு மேல், முப்பதுக்குள். சொந்த ஊர் திண்டிவனத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். விழுப்புரத்தில் கேட்டால் திண்டிவனம் என்பார். சென்னையில் கேட்டால் 'பாண்டி பக்கம்' என்பார். விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். ஒரகடம் போய் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, வாரத்தில் மூன்று நாள் விழுப்புரம் பஸ்ஸில் ஏறுவார். செல்போன் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி முடிகிற இடத்தில் கோச்சிங் சென்டர். கீழே டீக்கடை. எனக்கு அவர் அறிமுகமானது டீக்கடையில்.

பஸ்ஸிலேயே பயிற்சி தொடங்கிவிடும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி ஊர்கிறபோது இவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். பக்கத்து சீட்டுப் பாட்டி ஏதோ ஸ்லோகம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதாக அவரே சொன்னார். உண்மையில் அவர் முணுமுணுத்தது, "தி ரூல் ஐ டிஸ்லைக் தி மோஸ்ட்". பார்வை மட்டும் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' மேல். நெரிசலில் மூச்சு விடத் தலையை வெளியே நீட்டினால்தான் உண்டு என்ற நிலையில், வெறுக்க உருப்படியான ஒரு விதி கண்ணெதிரே எழுதியிருந்தும், அது அவர் கண்ணில் படவே இல்லை.

பேச்சுத் தேர்வு எப்படி என்று தெரியாதவர்களுக்காக: ஒரு அறை, ஒரு தேர்வாளர், ஒரு ரெக்கார்டர், 11 முதல் 14 நிமிஷம். முதலில் ஊர், வேலை, பொழுதுபோக்கு என்று குசலம் விசாரிப்பார்கள். பிறகு ஒரு அட்டை. யோசிக்க 1 நிமிஷம். குறிப்பெடுக்கப் பென்சிலும் தாளும். அப்புறம் 2 நிமிஷம் வரை நீங்களே பேச வேண்டும். கடைசியில் அதே விஷயத்தை விரித்து நாலைந்து நிமிஷம் கேள்வி. ஜனவரி, மே, செப்டம்பரில் அட்டைகள் மாறும் என்பது கோச்சிங் உலகத்தின் பஞ்சாங்கம். இவருடைய பருவத்தில் எல்லோரையும் பயமுறுத்திக்கொண்டிருந்த அட்டை, 'பள்ளியிலோ வேலையிலோ உங்களுக்குப் பிடிக்காத ஒரு விதியைப் பற்றிச் சொல்லுங்கள்'.

நம் ஊர்க்காரனுக்கு இதைவிடச் சுலபமான கேள்வி கிடைக்குமா? ரேஷன் கடை கைரேகையிலிருந்து பைக் ஹெல்மெட் வரை பிடிக்காத விதிகளைப் பேசித்தானே டீக்கடைகளே ஓடுகின்றன. இவருக்கும் குறையில்லை. கம்பெனியில் ரெண்டு நிமிஷம் லேட்டானால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அதை வைத்து ரெண்டு நிமிஷம் என்ன, ரெண்டு ஷிஃப்ட் பேசலாம். ஆனால் அட்டை ஆங்கிலத்தில் வந்ததும் இவருக்குள் ஒரு நல்ல பிள்ளை எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்கிறது.

அவர் தேர்ந்தெடுத்த விதி கோட்டு.

"எங்கள் பள்ளியில் எப்போதும் பிளேஸரின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருக்க வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஆரம்பிக்கிறது அந்தப் பதில். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் பாதி எழுத்து வெளிறிப்போன மாதிரி விடைத்தாள் அது. பனி பெய்கிற ஏதோ ஊரில் யாரோ எழுதியது. திண்டிவனத்து வெயிலில் பிளேஸர் போட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்தால் மதிய மணி அடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் வரும். நம்மவர் வாழ்நாளில் கிட்டே பார்த்த கோட்டு ஒன்றுதான். அக்கா கல்யாண வரவேற்பில் மாமா போட்டிருந்தது, வாடகைக்கு எடுத்தது. அதுவும் பொத்தான் போட்டால் மூச்சு முட்டும் என்று திறந்தே கிடந்தது.

இதில் மகுடம், 'டிராக்கோனியன்'. பெரிய வார்த்தை போட்டால் மார்க் ஏறும் என்று யாரோ சொல்லிவிட, அந்த பேட்சே மொத்தமாக டிராக்கோனியன் ஆகிவிட்டது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிய டிராக்கோனின் பெயரில் பிறந்த சொல் அது. காய்கறி, பழம் திருடியவனுக்கும் அவர் சட்டத்தில் மரண தண்டனை என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். பொத்தான் போடச் சொன்ன பி.டி. மாஸ்டரை அந்த மனிதரோடு ஒரே பெஞ்சில் உட்காரவைப்பது கொஞ்சம் ஓவர்தான். மனப்பாடப் பதிலை மோப்பம் பிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சியே உண்டு. பத்துப் பேர் வரிசையாக வந்து ஒரே கோட்டைக் கழற்றினால் மூக்கு கூடத் தேவைப்படாது.

ஒருநாள் என் கையில் போனைக் கொடுத்தார். "அண்ணா, ஸ்டாப்வாட்ச் போடுங்க. ரெண்டு நிமிஷம் ஆனா கை காட்டுங்க" என்றார். பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். முகம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு மாறியது. பிளேஸர் வந்தது, பொத்தான் வந்தது, டிராக்கோனியன் வந்தது. பிறகு 'மோரோவர்' மூன்று முறை வந்தது, பின்னால் எதையும் இழுத்து வராமல். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "தட்ஸ் ஆல்" என்றபோது போனில் 52 விநாடி.

"சரி, உண்மையிலேயே ஸ்கூல்ல எது புடிக்கல?" என்று கேட்டுவைத்தேன்.

"அய்ய, அத ஏண்ணா கேக்கறீங்க! தமிழ்ல பேசுனா அஞ்சு ரூபா ஃபைன்ணா. லீடர் ஒருத்தன் நோட்டு வெச்சிகினு சுத்துவான். யாருக்குனா இங்கிலீஷ் தெரியுமா? மிஸ்ஸுக்கே அரகொறைதான். இன்னா பண்றது, எல்லாரும் வாய மூடிகினோம். தண்ணி வோணும்னா கட்டவிரல தூக்கறது, ரப்பர் வோணும்னா உள்ளங்கைய தேய்க்கறது. அஞ்சாவது முடிக்கறப்போ எங்க கிளாசே ஊமப் படம்ணா. ஒருநாளு ஜன்னல் வழியா சாரைப்பாம்பு பூந்துடிச்சி. நான்தான் மொதல்ல பாத்தேன். 'பாம்பு! பாம்பு!'ன்னு கத்திட்டேன். எல்லாரும் வெளிய ஓடுறானுங்க, லீடர் மட்டும் ஓடிகினே எம்பேர எழுதறான். ரெண்டு தபா சொன்னேன்னு பத்து ரூபா! 'ஸ்னேக்'னு கத்தியிருக்கணுமாம். அன்னிக்கி எங்கம்மா ஸ்கூலுக்கு வந்து கேட்டுது பாருங்க ஒரு கேள்வி, 'ஏம்மா, பாம்புக்கு மட்டும் இங்கிலீஷ் தெரியுமா'ன்னு..."

நிறுத்தவே இல்லை. மிஸ் மாதிரி மூக்கால் பேசினார். லீடர் மாதிரி ஒரு கையில் நோட்டோடு ஓடிக் காட்டினார். பாம்பு வந்த ஜன்னல் இதோ இந்த பிஸ்கட் பாட்டில் என்று இடம் வைத்தார். ரெண்டு டீ முடிந்தது. போனில் நான் நிறுத்த மறந்த கடிகாரம் 13 நிமிஷத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நான்குக்கும் சரிசமமாக மார்க் என்பது தேர்வின் கணக்கு. அந்த டீக்கடை பெஞ்சில் நான் நான்கிலும் ஒன்பது போட்டுவிட்டேன். கோர்வையாகப் பேசக் கூடாது என்று பத்து ரூபாய் பிடுங்கிய ஊரில், கோர்வையாகப் பேசிக் காட்டுவதற்கு இப்போது பதினேழு, பதினெட்டாயிரம் கட்டுகிறார் பாவம்.

"யப்பா, இதையே சொல்லேன்பா. கருத்துக்கு அங்க மார்க் கிடையாது, பேச்சுக்குத்தான். பாம்பப் பத்தி இன்னொருத்தன் சொல்லவும் மாட்டான்."

கொஞ்ச நேரம் கிளாஸின் அடியில் இருந்த சர்க்கரையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மேலே பேட்ச் ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. பையைத் தோளில் மாட்டி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் தமிழ்லதாண்ணா வரும். இங்கிலீஷ்ல எனக்குப் புடிக்காதது கோட்டு மட்டுந்தாண்ணா."